ஒரு மாத்திரையின் விலையும் ஒரு நீதிபதியின் அறிக்கையும்

ஜொகூர் பாருவில் ஏதேனும் ஒரு மருந்துக் கடைக்குச் சென்று காய்ச்சல் மாத்திரை கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் இரண்டு மூன்று பெயர்களில் மாத்திரை அட்டைகளை எடுத்து வைப்பார். ஒன்றின் விலை கூடுதலாக இருக்கும். மற்றொன்று மலிவாக இருக்கும். அட்டையின் பின்புறத்தைப் படித்தால் எல்லாவற்றிலும் பாராசிட்டமால் என்ற ஒரே மருந்துதான் இருக்கிறது என்பது தெரியவரும். பல நிறுவனங்கள் அதைத் தயாரிப்பதால் வாங்குபவர் தமக்கு ஏற்ற விலையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்.

எல்லா மருந்துகளுக்கும் இந்த வாய்ப்பு இல்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட சில மருந்துகளை ஒரே ஒரு நிறுவனம்தான் விற்க முடியும். அது சொல்வதே விலை. அந்த விலையைக் கொடுக்க இயலாத நோயாளி என்ன செய்வார்? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த நீதிபதி ந. இராஜகோபால ஐயங்கார். 1959ஆம் ஆண்டு அவர் எழுதிய ஓர் அறிக்கை இந்தியாவின் சட்டத்தை மாற்றியது. அந்த மாற்றத்தின் பயன் பல ஆண்டுகளுக்குப் பிறகு மலேசிய நோயாளிகளையும் வந்தடைந்தது.

காப்புரிமை என்றால் என்ன?

புதிய பொருளையோ புதிய செய்முறையையோ கண்டுபிடித்தவருக்கு அரசு வழங்கும் உரிமையே காப்புரிமை. இதனை ஆங்கிலச் சொல்லை ஒட்டிப் 'பேட்டண்ட்' என்றும் அழைப்பர். நூல், பாடல் போன்ற படைப்புகளுக்குரிய பதிப்புரிமை வேறு. கண்டுபிடிப்புகளுக்குரிய காப்புரிமை வேறு.

காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பை உரிமையாளரின் ஒப்புதலின்றி வேறு எவரும் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. இந்த உரிமை என்றென்றைக்கும் உரியதன்று. மலேசியாவில் விண்ணப்பம் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். அதன் பின்னர் அக்கண்டுபிடிப்பு அனைவருக்கும் பொதுவாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் காப்புரிமை கிடைத்துவிடாது. விண்ணப்பத்தை ஆராயும் அதிகாரி மூன்று கேள்விகளை எழுப்புவார். கண்டுபிடிப்பு உலகில் வேறெங்கும் முன்பு இல்லாத புதுமையா? அத்துறை அறிந்தவர்க்கு எளிதில் தோன்றாத ஒரு கூறு அதில் உண்டா? அதனைத் தொழில்துறையில் பயன்படுத்த முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைத்தாக வேண்டும்.

காப்புரிமை ஒருவகைப் பேரம் என்று சொல்லலாம். கண்டுபிடித்தவர் தம் கண்டுபிடிப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை மறைக்காமல் எழுதித் தர வேண்டும். அதற்கு ஈடாக அரசு அவருக்குச் சில ஆண்டுகள் தனியுரிமை தருகிறது. கண்டுபிடித்தவர் தம் உழைப்புக்கும் செலவுக்கும் பலன் பெறுகிறார். நாடு புதிய அறிவைப் பெறுகிறது. இந்தப் பேரத்தில் நாட்டுக்குரிய பங்கு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? இந்தியா விடுதலை அடைந்தபோது இதே சிக்கலை எதிர்கொண்டது.

பழைய சட்டமும் புதிய நாடும்

விடுதலைக்குப் பிறகும் இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1911ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. அச்சட்டம் நாட்டுக்கு ஏற்றதா என்பதை ஆராய 1948இல் நீதிபதி பக்ஷி டேக் சந்த் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது.

அக்காலத்து நிலைமை வியப்பளிப்பதாக இருந்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காடு வெளிநாட்டவருக்குச் சொந்தமாக இருந்தன. அவற்றுள்ளும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இந்தியாவில் உற்பத்திக்குப் பயன்படுத்தப்படவே இல்லை. அதாவது, வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவில் காப்புரிமை பெறும். ஆனால், இங்கே தொழிற்சாலை கட்டாது. பிறர் தயாரிக்கவும் விடாது. தன் நாட்டில் செய்த பொருளை இறக்குமதி செய்து, தான் வைத்த விலைக்கு விற்கும். கண்டுபிடிப்பை ஊக்குவிக்க வேண்டிய சட்டம் சந்தையைப் பூட்டி வைக்கும் பூட்டாக மாறியிருந்தது.

இதனைச் சரிசெய்ய 1953இல் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அது நிறைவேறாமல் காலாவதியானது. அதன் பின்னர் அரசு இப்பணியை ஒரே மனிதரிடம் ஒப்படைத்தது.

நீதிபதியின் நீண்ட பணி

ந. இராஜகோபால ஐயங்கார் 1899ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பிறந்தவர். சென்னையில் வழக்கறிஞராக விளங்கிய அவர் 1953இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். வணிகச் சின்னங்கள் தொடர்பான சட்டத்தை ஆராய்ந்து 1955இல் அவர் அளித்த அறிக்கை, 1958ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் உருவாகத் துணைசெய்தது. 1957இல் காப்புரிமைச் சட்டத்தை ஆராயும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் இப்பணியில் ஈடுபட்டார். பிற நாடுகளின் சட்டங்களையும் அவை மாறிவந்த வரலாற்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இந்தியாவில் யார் யாருக்கு எத்தனை காப்புரிமைகள் வழங்கப்பட்டன என்பதைப் புள்ளிவிவரங்களோடு அலசினார். 1959 செப்டம்பரில் தம் அறிக்கையை அரசிடம் வழங்கினார்.

காப்புரிமை முறையை ஒழித்துவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அம்முறையால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். தொழில் வளர்ச்சி பெற்ற நாட்டுக்குப் பொருந்தும் சட்டம், வளரத் தொடங்கும் நாட்டுக்கும் அப்படியே பொருந்திவிடாது என்பதே அவருடைய அடிப்படைக் கருத்து. ஆகவே, சட்டம் நாட்டின் நிலைமைக்கேற்ப வடிவமைக்கப்பட வேண்டும் என்றார்.

பொருளா, செய்முறையா?

அறிக்கையின் முதன்மையான பரிந்துரையைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை உதவும். தீபாவளிக்கு நம் வீடுகளில் முறுக்குச் சுடுகிறோம். உலகில் முதன்முதலாக முறுக்கைக் கண்டுபிடித்தவர் ஒருவர் இருக்கிறார் என்றும், அவர் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம்.

அரசு அவருக்கு முறுக்கு என்னும் பொருளுக்கே உரிமை வழங்கினால், வேறு எவரும் எந்த வகையிலும் முறுக்குச் செய்து விற்க முடியாது. இது பொருள் காப்புரிமை. அவர் பயன்படுத்திய செய்முறைக்கு மட்டும் உரிமை வழங்கினால், அதே செய்முறையைத்தான் பிறர் பின்பற்றக் கூடாது. வேறொரு வழியில் முறுக்குச் செய்யத் தெரிந்தவர் செய்து விற்கலாம். இது செய்முறைக் காப்புரிமை.

உணவு, மருந்து ஆகியவற்றுக்கும் வேதியியல் முறையில் தயாரிக்கப்படும் பொருள்களுக்கும் செய்முறைக் காப்புரிமை மட்டுமே வழங்க வேண்டும் என்று ஐயங்கார் பரிந்துரைத்தார். இது அவர் புதிதாகக் கற்பனை செய்த முறையன்று. ஜெர்மனி தனது 1877ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேதிப்பொருள்களுக்குக் காப்புரிமை தர மறுத்து, செய்முறைகளுக்கு மட்டுமே வழங்கியது. அந்நாட்டின் வேதியியல் தொழில் உலகில் முதன்மை பெற்றது அச்சட்டத்தின் கீழ்தான். பிரிட்டனும் 1919 முதல் 1949 வரை இதுபோன்ற முறையைப் பின்பற்றியது. வளர்ந்த நாடுகள் தாம் ஏறிய ஏணியை இந்தியாவும் பயன்படுத்தலாம் என்பதையே இந்த வரலாறு காட்டியது.

அறிக்கை சட்டமாகிறது

நல்ல பரிந்துரை உடனே சட்டமாகிவிடுவதில்லை. ஐயங்காரின் அறிக்கையை ஒட்டி 1965இல் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. அது நிறைவேறும் முன்னரே நாடாளுமன்றத்தின் காலம் முடிந்தது. 1967இல் மீண்டும் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டு, கூட்டுக் குழுவின் ஆய்வுக்குச் சென்றது. இறுதியில் 1970இல் புதிய காப்புரிமைச் சட்டம் நிறைவேறியது. அது 1972 ஏப்ரல் 20ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அறிக்கைக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே 12 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

புதிய சட்டத்தின்படி மருந்துகளுக்குச் செய்முறைக் காப்புரிமை மட்டுமே கிடைத்தது. பொதுவான காப்புரிமைக் காலம் 14 ஆண்டுகள். உணவு, மருந்து ஆகியவற்றின் செய்முறைகளுக்கு மட்டும் அது மிகுதியாகப் போனால் 7 ஆண்டுகள். பிற நிறுவனங்கள் உரிமத் தொகை செலுத்தி அந்தச் செய்முறைகளைப் பயன்படுத்தவும் வழிசெய்யப்பட்டது. அத்தொகை 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் வைக்கப்பட்டது.

சட்டத்தை இயற்றுவது ஒரு பணி. அதை நாள்தோறும் நடைமுறைப்படுத்துவது மற்றொரு பணி. விண்ணப்பங்களைப் படிப்பதும், பழைய பதிவுகளோடு ஒப்பிடுவதும், ஏற்பதா மறுப்பதா என்று காரணத்தோடு முடிவெழுதுவதும் காப்புரிமை அலுவலக அதிகாரிகளின் வேலை. அந்நாளில் காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டு அலுவலராக இருந்த எஸ். வேதராமன், புதிய சட்டத்தை வெளிநாட்டினருக்கு விளக்கி 1972இல் பன்னாட்டுச் சட்ட இதழ் ஒன்றில் கட்டுரையும் எழுதினார்.

இச்சட்டத்திற்கு எதிர்ப்பும் இருந்தது. புதிய மருந்தைக் கண்டுபிடிக்கப் பெருந்தொகை செலவாகிறது, பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருக்கிறது, அந்தச் செலவை மீட்க வழியில்லையென்றால் யார் ஆராய்ச்சி செய்வார் என்று மருந்து நிறுவனங்கள் கேட்டன. இது புறந்தள்ளக்கூடிய கேள்வியன்று. ஆயினும், சட்டத்தின் விளைவு கண்கூடாகத் தெரிந்தது. இந்திய வேதியியலாளர்கள் மாற்றுச் செய்முறைகளை உருவாக்கக் கற்றுக்கொண்டனர். மருந்துத் தொழிற்சாலைகள் பெருகின, விலைகள் குறைந்தன.

அதன் பயனை உலகம் 2001இல் கண்டது. எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் தேவையான மூன்று மருந்துகளின் கூட்டு, அக்காலத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 அமெரிக்க டாலருக்கு மேல் செலவு வைத்தது. இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதனை 350 டாலருக்குத் தர முன்வந்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு! விலை ஒன்றினாலேயே மருந்தை எட்ட முடியாதிருந்த ஏழை நாடுகளின் நோயாளிகளுக்கு இது வாழ்வளித்தது.

சென்னையில் தொடங்கிய வழக்கு

1995இல் உலக வாணிக அமைப்பு தொடங்கப்பட்டபோது காப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்றும் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகள் மருந்துகளுக்கும் பொருள் காப்புரிமை வழங்க வேண்டும் என்பது அதன் விதி. அதன்படி 2005இல் இந்தியா தன் சட்டத்தைத் திருத்தியது. ஆனால், ஒரு தடுப்பையும் வைத்தது. ஏற்கெனவே உள்ள மருந்தைச் சிறிது மாற்றியமைத்து மீண்டும் காப்புரிமை கேட்டால், அம்மாற்றத்தால் மருந்தின் ஆற்றல் உண்மையிலேயே கூடியிருக்க வேண்டும்.

இத்தடுப்பு விரைவிலேயே சோதனைக்கு உள்ளானது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் என்னும் மருந்தின் புதிய வடிவத்திற்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டிருந்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் அவ்விண்ணப்பத்தை மறுத்தது. வழக்கு படிப்படியாக மேலே சென்றது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் மறுப்புச் சரியே என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில், சட்டம் உருவான வரலாற்றை விளக்க நீதிபதிகள் நாடியது இராஜகோபால ஐயங்காரின் 1959ஆம் ஆண்டு அறிக்கையைத்தான். எழுதி அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் அவருடைய சொற்கள் நீதிமன்றத்தில் பேசின.

மலேசியா எடுத்த முடிவுகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். முன்னர், பிரிட்டனில் பெற்ற காப்புரிமையை இங்கே பதிவு செய்துகொள்ளும் முறையே மலாயாவில் இருந்தது. நமக்கென்று 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 1986 அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இன்று மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகம் இச்சட்டத்தை நிருவகிக்கிறது.

இச்சட்டத்தின் 84ஆம் பிரிவு அரசுக்கு ஓர் அதிகாரம் தருகிறது. பொதுநலனுக்குத் தேவையெனில், உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமலேயே காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பை அரசு பயன்படுத்தலாம். ஆனால், உரிமையாளருக்குத் தகுந்த ஈட்டுத்தொகை தர வேண்டும். பன்னாட்டு ஒப்பந்தமும் இத்தகைய விலக்கை அனுமதிக்கிறது. மக்கள் நலத்தைக் காக்க நாடுகளுக்கு இவ்வுரிமை உண்டு என்பதை 2001 நவம்பரில் டோஹா நகரில் கூடிய உலக வாணிக அமைப்பு உறுதிப்படுத்தியது.

அதற்குப் பின் ஆசியாவில் இவ்வதிகாரத்தை முதலில் பயன்படுத்திய நாடு மலேசியா. 2003 நவம்பர் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, எய்ட்ஸ் நோய்க்கான மருந்துகளை இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து அரசு மருத்துவமனைகளுக்காக இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது. ஒரு நோயாளிக்கு மாதந்தோறும் ஆன சிகிச்சைச் செலவு சராசரியாக 315 டாலரிலிருந்து 58 டாலராகக் குறைந்தது. 1970ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் இல்லையென்றால் அந்த மருந்துகளைக் குறைந்த விலையில் செய்து தர ஒரு நிறுவனம் உருவாகியிருக்குமா என்பது ஐயமே.

இரண்டாவது முடிவு கல்லீரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் சி நோய் தொடர்பானது. மலேசியாவில் ஏறத்தாழ 500,000 பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டிருந்ததாக மதிப்பிடப்பட்டது. சோஃபோஸ்புவிர் என்ற புதிய மருந்து இந்நோயைக் குணப்படுத்தும் ஆற்றல் உடையது. ஆனால், 2013இல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர்! காப்புரிமை பெற்ற நிறுவனம், மலிவான பதிப்பை விற்க 2014இல் பல நாடுகளுக்கு இசைவளித்தது. நடுத்தர வருமான நாடான மலேசியா அப்பட்டியலில் இடம்பெறவில்லை. பணக்கார நாட்டின் விலையைக் கொடுக்கவும் முடியவில்லை. ஏழை நாட்டுக்குரிய சலுகையும் கிடைக்கவில்லை.

அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர், ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் நாடாளுமன்ற உறுப்பினரான டாக்டர் ச. சுப்பிரமணியம். அவரும் ஒரு மருத்துவரே. 84ஆம் பிரிவைப் பயன்படுத்த 2017 ஆகஸ்டில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே மாதத்தில் நிறுவனமும் மலேசியாவைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. எனினும், அரசு தன் முடிவில் உறுதியாக நின்றது. செப்டம்பர் 20ஆம் நாள் சுகாதார அமைச்சு அதனைப் பொதுமக்களுக்கு அறிவித்தது. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இந்நோய்க்கான புதிய சிகிச்சை பரவலாகத் தொடங்கியது.

தராசின் இரு தட்டுகள்

காப்புரிமைச் சட்டத்தை ஒரு தராசுக்கு ஒப்பிடலாம். ஒரு தட்டில் கண்டுபிடிப்பாளரின் உழைப்பு இருக்கிறது. அதற்கு மதிப்பில்லையென்றால் நாளைய மருந்துகள் பிறக்காமலே போகலாம். மற்றொரு தட்டில் இன்றைய நோயாளியின் உயிர் இருக்கிறது. மருந்து இருந்தும் அது எட்டாத விலையில் இருந்தால் அந்த நோயாளிக்கு அது இல்லாததற்குச் சமம். தராசை எந்தப் பக்கமும் சாயவிடாமல் பிடிப்பது எளிய செயலன்று. காலத்திற்கேற்ப எடைகளை மாற்றவும் வேண்டியிருக்கிறது.

இராஜகோபால ஐயங்கார் 1960 முதல் 1964 வரை இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியாகப் பணியாற்றினார். பின்னர் 1968இல் இந்தியப் பத்திரிகை மன்றத்தின் தலைவரானார். அவர் மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. எந்த நோயாளிக்கும் சிகிச்சை அளிக்கவும் இல்லை. புள்ளிவிவரங்களைச் சேகரித்தார், சட்டங்களை ஒப்பிட்டார், நேர்மையாகச் சிந்தித்து எழுதினார். காப்புரிமை அலுவலகங்களிலும் சுகாதார அமைச்சுகளிலும் பணிபுரிந்த எண்ணற்ற அதிகாரிகள் அவ்வழியைத் தொடர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது.

அடுத்த முறை மருந்துக் கடையில் ஒரே மருந்து இரண்டு விலைகளில் இருப்பதைக் கண்டால் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். குறைந்த விலையில் இருக்கும் அந்த மாத்திரைக்குப் பின்னால் ஒரு வேதியியலாளரின் திறமை இருக்கலாம். அவருக்கு வழிவிட்ட ஒரு சட்டமும், அச்சட்டத்தைப் பொறுமையோடு எழுதிய ஒருவரின் உழைப்பும் கூட இருக்கலாம்.